பழுவூர் அரசர் துரோகியா?
கதை சொல்வது ஒன்று. கல்வெட்டு சொல்வது வேறு!

அரியலூரில் இருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் கீழப்பழுவூர் இருக்கிறது. பக்கத்திலேயே மேலப்பழுவூர். அதை அடுத்து கீழையூர்.

சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் அந்தப் பக்கமெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். சாலையை விட்டுச் சற்று உள்ளே போனால் சத்தம் அடங்கிவிடும். அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கட்டிய கோயில்கள் நிற்கின்றன.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். இரட்டைக் கோயில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வெளியூர்க் குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள்.

கோயில் நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைப் பார்த்து அந்த அம்மாள் கேட்டார்:

"பெரியவரே! நந்தினி இருந்த அரண்மனை எந்தப் பக்கம்?"

பெரியவர் சிரித்தார்.

"அப்படி ஓர் அம்மாள் இந்த ஊரில் இருந்ததே இல்லை, தாயே. அது கதை."

"அப்படியானால் பழுவேட்டரையர்?" என்று பையன் குறுக்கே கேட்டான். "ராஜாவுக்கு எதிராகச் சதி செய்தாரே, அந்தத் தாத்தா!"

பெரியவரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவர் இருந்தார், தம்பி. இந்தக் கோயில் அவர்கள் வம்சம் கட்டியதுதான். ராஜாவுக்காகச் சண்டைக்குப் போனார்கள். ஆனால் சதி செய்தார்கள் என்று இங்கே எந்தக் கல்லிலும் எழுதவில்லை."

சற்றுப் பொறுத்து அவரே சொன்னார்:

"என் பேத்தி வெளியூரில் படிக்கிறாள். 'உங்கள் ஊர் துரோகி ஊர்தானே?' என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்களாம். விளையாட்டுக்குத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் குழந்தை வீட்டுக்கு வந்து அழுதாள்."

அந்தப் பேச்சு என் மனத்தை விட்டுப் போகவில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒருவர் மேல் ஒரு பழி விழுகிறது. அவர் வந்து, "நான் அப்படிச் செய்யவில்லை" என்று சொல்ல முடியுமா? முடியாது. அவருக்காக வாதாட வக்கீல் உண்டா? இல்லை. அப்படியானால் அவருக்கு நியாயம் சொல்வது யார்?

இதைப்பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கதையில் வரும் கிழவர்

"பொன்னியின் செல்வன்" தெரியாத தமிழ்க் குடும்பம் அநேகமாக இருக்காது. "கல்கி" ரா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய பெரிய சரித்திரக் கதை அது. "கல்கி" பத்திரிகையில் 1950-ம் ஆண்டு முதல் 1954-ம் ஆண்டு வரை வாராவாரம் வந்தது. பிறகு ஐந்து பாகங்களாகப் புத்தகமாயிற்று. 2022-ம் ஆண்டிலும் 2023-ம் ஆண்டிலும் இரண்டு பாகமாகச் சினிமாவும் வந்துவிட்டது. புத்தகம் படிக்காதவர்களும் அதனால் கதையைத் தெரிந்துகொண்டார்கள்.

அந்தக் கதையில் பழுவேட்டரையர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர்.

பெரியவர் சோழ நாட்டின் பணப்பெட்டியைக் காப்பவர். சண்டைகளில் 64 காயம் பட்டவர். சின்னவர் தஞ்சைக் கோட்டைக்குக் காவல். பெரியவர் வயதான காலத்தில் நந்தினி என்ற அழகியை மணந்துகொள்கிறார். அவள் சொல்லுக்கு ஆடுகிறார். சுந்தர சோழருக்குப் பிறகு அவருடைய மக்கள் பட்டத்துக்கு வரக்கூடாது என்று சிற்றரசர்களைக் கூட்டிச் சதி செய்கிறார். அந்தச் சூழ்ச்சிகளுக்கு நடுவே இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை செய்யப்படுகிறான்.

கல்கி பெரிய எழுத்தாளர். பழுவேட்டரையரைக் கெட்டவர் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. வீரர் என்று போற்றுகிறார். கடைசியில் தாம் ஏமாந்ததை உணர்ந்து அவர் வருந்துவதாகவும் காட்டுகிறார்.

ஆனால் படிப்பவர் மனத்தில் எது நிற்கிறது? கிழவர், இளம் மனைவி, சதி - இந்த மூன்றும்தான்!

யார் இந்தப் பழுவேட்டரையர்?

இப்போது கதைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கல்வெட்டைப் பார்ப்போம்.

கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டிய எழுத்து. அந்தக் காலத்தில் பத்திரப் பதிவு ஆபீஸ் கிடையாது. கோயிலுக்கு நிலம் கொடுத்தாலும், விளக்கு எரிக்க ஆடு கொடுத்தாலும், வரியைக் குறைத்தாலும் கோயில் சுவரில் வெட்டி வைத்துவிடுவார்கள். சுவர் உள்ளவரை சாட்சி உண்டு!

பழுவேட்டரையர்கள் பழுவூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சிற்றரசர்கள். சிற்றரசர் என்றால் பெரிய அரசருக்கு அடங்கி ஒரு பகுதியை ஆள்பவர். இவர்கள் சோழர்களுக்கு அடங்கியவர்கள். சேர நாட்டு வழியில் வந்தவர்கள் என்று ஒரு செப்பேடு சொல்கிறது. திருஞானசம்பந்தர் பழுவூரைப்பற்றிப் பாடிய தேவாரத்திலும், மலையாளர் அங்கே வழிபட்ட செய்தி வருகிறது.

9-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆதித்த சோழன் காலத்திலேயே இவர்கள் பெயர் தெரிகிறது. கீழையூரில் இருக்கும் இரட்டைக் கோயில் அந்தக் காலத்துக் கட்டடம். அதற்கு அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம் என்று பெயர். ஒரே மதிலுக்குள் இரண்டு சிவன் கோயில்கள். சிற்ப வேலை அழகாக இருக்கும். சுவரிலும் தூணிலும் நந்தியிலும் அவர்களுடைய கைவண்ணத்தைப் பார்க்கலாம்.

அடுத்தது ஒரு போர்க்களச் செய்தி.

ஆதித்த சோழனின் மகன் முதல் பராந்தகன். பாண்டியனும் இலங்கை அரசனின் படையும் ஒன்று சேர்ந்து அவனை எதிர்த்தன. வெள்ளூர் என்ற இடத்தில் பெரிய சண்டை. அதில் சோழனுக்காகப் போரிட்டவர் கண்டன் அமுதனார் என்ற பழுவேட்டரையர். பராந்தகனின் 12-வது ஆட்சி ஆண்டுக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. அதாவது ஏறக்குறைய கி.பி. 919-ம் ஆண்டு.

சோழனுக்கு ஆபத்து வந்த வேளையில் முன்னால் நின்ற குடும்பம் இது!

ராஜராஜனுக்குக் கொள்ளுப்பாட்டி வீடு

இன்னொரு செய்தி இதைவிட ஆச்சரியமானது.

திருச்சி மாவட்டத்தில் அன்பில் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த செப்பேடு புகழ்பெற்றது. செப்பேடு என்றால் செம்புத் தகட்டில் வெட்டிய பத்திரம். சுந்தர சோழர் தம் மந்திரி அநிருத்தருக்கு நிலம் கொடுத்தபோது எழுதித் தந்தது அது. பொன்னியின் செல்வனில் அநிருத்தப் பிரமராயர் என்று ஒரு மந்திரி வருகிறாரே, அவர்தான்!

அந்தச் செப்பேடு சோழ வம்சத்தை வரிசையாகச் சொல்கிறது. முதல் பராந்தகன், பழுவேட்டரையரின் மகளை மணந்துகொண்டான். அவர்களுக்குப் பிறந்த மகன் அரிஞ்சயன். அரிஞ்சயனின் மகன்தான் சுந்தர சோழர். சுந்தர சோழரின் பிள்ளைகள்தான் ஆதித்த கரிகாலனும், குந்தவையும், அருள்மொழி என்ற ராஜராஜனும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பழுவூரில் பிறந்த பெண், சுந்தர சோழருக்குப் பாட்டி. ராஜராஜனுக்குக் கொள்ளுப்பாட்டி.

தஞ்சையில் பெரிய கோயில் கட்டிய ராஜராஜன் உடம்பில் பழுவூர் ரத்தமும் ஓடியது! பொன்னியின் செல்வனுக்குப் பகைவர் வீடு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற வீடு, உண்மையில் அவனுடைய கொள்ளுப்பாட்டி பிறந்த வீடு.

அதோடு உறவு முடிந்துவிடவில்லை. பழுவூரைச் சேர்ந்த தேவனார் என்பவரின் மகள் நக்கன் பஞ்சவன் மாதேவியார். ராஜராஜனின் மனைவியருள் அவரும் ஒருவர் என்று கல்வெட்டுச் சொல்கிறது.

ராஜராஜன் காலத்திலும் பழுவேட்டரையர் பழுவூரில் இருந்தார். அவர் பெயர் கண்டன் மறவன். அவரும் கோயில் எழுப்பினார்.

அண்ணனைக் கொல்லச் சதி செய்த வீடு என்றால், ராஜராஜன் அந்த வீட்டாரை அதே ஊரில், அதே பதவியில், அதே மரியாதையோடு விட்டு வைத்திருப்பானா?

கொன்றவர்கள் யார்?

"சரி, ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?" என்று கேட்பீர்கள்.

அதற்கும் கல்வெட்டு இருக்கிறது.

பொன்னியின் செல்வன் கதை எங்கே ஆரம்பமாகிறது? ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில். வந்தியத்தேவன் குதிரை மேல் வருகிறான். அந்த ஏரிக்கு இப்போது வீராணம் ஏரி என்று பெயர்.

அதே ஏரியை ஒட்டிய ஊர் காட்டுமன்னார்கோயில். கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே உடையார்குடி என்ற பகுதியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அந்தக் கோயில் சுவரில்தான் கொலைகாரர்களின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது!

985-ம் ஆண்டு பட்டத்துக்கு வந்த ராஜராஜனின் 2-வது ஆட்சி ஆண்டில் வெட்டிய கல்வெட்டு அது. சோமன், அவனுடைய தம்பி ரவிதாசன், பரமேசுவரன் என்ற பெயர்கள் அதில் இருக்கின்றன. கரிகாலனைக் கொன்று துரோகிகள் ஆனவர்கள் என்று அது சொல்கிறது. அவர்களும் அவர்கள் உறவினரும் வைத்திருந்த நிலங்களை எடுத்துக்கொள்ளும்படி அரசன் உத்தரவு போடுகிறான். பிறகு ஒருவர் அந்த நிலத்தை விலைக்கு வாங்கித் தருமத்துக்கு எழுதி வைக்கிறார்.

ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்று பட்டம். அரசு உத்தியோகத்தில் இருந்தவர்களுக்குக் கொடுக்கிற பட்டம் அது.

கல்கிக்கு இந்தக் கல்வெட்டுத் தெரியும். ரவிதாசன், சோமன் என்ற பெயர்களை அவர் அதிலிருந்துதான் கதைக்குள் கொண்டுவந்தார். பாண்டியனுக்காகப் பழிவாங்க வந்தவர்கள் என்று அவர்களைக் காட்டினார்.

இந்தக் கொலைக்குப் பின்னால் வேறு யாராவது இருந்தார்களா? அதில் அறிஞர்களுக்குள்ளேயே இரண்டு அபிப்பிராயம் உண்டு. பட்டத்துக்கு ஆசைப்பட்ட உத்தம சோழன் மேல் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் உடையார்குடிக் கல்வெட்டில் பழுவேட்டரையர் பெயர் இல்லை.

ஒரு போலீஸ் வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். குற்றப் பத்திரிகையில் பெயரே இல்லாத ஒருவரை ஊரெல்லாம் "குற்றவாளி" என்று சொன்னால் எப்படி இருக்கும்? பழுவேட்டரையர் கதையும் அதுதான்.

பாரசீகத்திலும் இதே கதை

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததா? இல்லை. உலகத்திலே பெரிய ராஜ்யங்களை ஆண்ட பாரசீக அரசர்களுக்கும் இதே கதிதான்.

பாரசீகம் என்பது இன்றைய ஈரான். 2,500 ஆண்டுகளுக்கு முன் சைரஸ் என்ற அரசர் அங்கே பெரிய சாம்ராஜ்யத்தை அமைத்தார். அவர் இறந்து 150 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, செனபோன் என்ற கிரேக்க எழுத்தாளர் அவரைப்பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். பார்த்தால் சரித்திரம் மாதிரி இருக்கும். பாதிக்கு மேல் கற்பனை!

சைரஸ் வயதாகிப் படுக்கையில், பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிவிட்டு அமைதியாக இறந்தார் என்று செனபோன் எழுதினார். அவருக்கு முன்னால் இருந்த ஹெரோடோட்டஸ் என்ற இன்னொரு கிரேக்கர், ஓர் அரசியோடு நடந்த சண்டையில் சைரஸ் கொல்லப்பட்டார் என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரே அரசர், இரண்டு மரணம்!

சைரசுக்குப் பின் வந்தவர்களில் ஒருவர் தாரியஸ். அவர் கெட்டிக்காரர். "பிறர் என்னைப்பற்றி எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்" என்று நினைத்தாரோ என்னவோ, பெகிஸ்தூன் என்ற இடத்தில் செங்குத்தான மலைப்பாறையில் தம் கதையை மூன்று மொழிகளில் வெட்டி வைத்தார். அந்த எழுத்தை வெகு காலம் யாராலும் படிக்க முடியவில்லை. ராலின்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1835-ம் ஆண்டு முதல், உயிரைப் பணயம் வைத்து மலையில் ஏறி, அதைப் பார்த்து எழுதி எடுத்தார். அதன் பிறகுதான் பாரசீக அரசர்களின் சொந்தக் குரல் உலகத்துக்குக் கேட்டது.

இதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

கல்லும் பொய் சொல்லலாம்! தாரியஸ் தம் கல்வெட்டில், "சைரசின் மகனைப்போல் வேஷம் போட்டு ஆண்ட ஒருவனை நான் கொன்றேன்" என்று சொல்கிறார். கொல்லப்பட்டவன் வேஷக்காரன் அல்ல, சைரசின் உண்மையான மகனே என்று பல அறிஞர்கள் சந்தேகப்படுகிறார்கள். பட்டத்தைப் பிடித்தவர் தமக்கு ஏற்றபடி எழுதிக்கொண்டார் என்பது அவர்கள் எண்ணம்.

ஆகவே, கல்லில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் நம்பிவிடக்கூடாது. யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று பார்க்க வேண்டும்.

உடையார்குடிக் கல்வெட்டு அரசனின் தற்பெருமை அல்ல. நிலக் கணக்கு. ஊர்ச் சபைக்கு வந்த உத்தரவு. பழுவூர்க் கல்வெட்டுகளிலும் விளக்குக்கும் நிலத்துக்கும் வரிக்கும் கணக்குத்தான் அதிகம். அதனால்தான் அவற்றுக்கு மதிப்பு அதிகம்.

கதை எழுதக்கூடாதா?

"அப்படியானால் சரித்திரக் கதையே எழுதக்கூடாது என்கிறீரா?" என்று சிலர் கோபப்படலாம்.

இல்லை! ஒருக்காலும் இல்லை!

கல்கி அந்தக் கதையை எழுதாமல் இருந்தால், பழுவூர் என்ற பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? காரில் வந்து இறங்கிய அந்தக் குடும்பம் அங்கே வந்திருக்குமா? சோழர் பெயரைச் சாதாரண மக்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது கதைதான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களையும் கடைசிப் பக்கம் வரை விடாமல் இழுத்துப் போகும் கதை அது. அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது.

கதை இல்லாத இடத்துக்கு என்ன கதி என்று பாருங்கள்.

பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சி - சென்னை நெடுஞ்சாலை ஓரத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. பெரிய மதில், அகழி எல்லாம் உண்டு. 1751-ம் ஆண்டில் அந்தப் பக்கத்தில் பெரிய சண்டை நடந்தது. முகமது அலிக்காக ஆங்கிலேயரும், சந்தா சாகிபுக்காகப் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டார்கள். எத்தனை விறுவிறுப்பான விஷயம்! ஆனால் பொன்னியின் செல்வனைப்போல் வீட்டுக்கு வீடு படிக்கிற கதை ஒன்று அந்தக் கோட்டைக்கு அமையவில்லை. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அரியலூர் மாவட்டத்தின் கிழக்கே இருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கங்கை வரை படை அனுப்பி வெற்றி கண்ட ராஜேந்திர சோழனின் தலைநகரம் அது. 1836-ம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். அப்போது இந்தக் கோயிலின் மதிலைப் பெயர்த்து, கல்லை அணைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்! அந்த மதிலின் அருமை மக்கள் மனத்தில் பதிந்திருந்தால் அப்படி நடந்திருக்குமா?

பிற்காலத்தில் நிலைமை மாறியது. அகிலன், ராஜேந்திரனைப்பற்றி "வேங்கையின் மைந்தன்" என்ற நாவல் எழுதினார். அதற்கு 1963-ம் ஆண்டில் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. 2004-ம் ஆண்டில் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. இன்று அந்த மதிலில் ஒரு கல்லை யாராவது தொட்டால் ஊரே திரண்டுவிடும்.

கதை கல்லைக் காப்பாற்றும். அது உண்மை. ஆனால் அதே கதை தவறு செய்தால், அதைக் கல்தான் திருத்த வேண்டும்.

எது சரி? எது தவறு?

என் கருத்து இதுதான்.

சரித்திரக் கதையில் இல்லாத ஆளை உண்டாக்கலாம். நந்தினி அப்படிப்பட்டவள். கல்கியின் கற்பனையில் பிறந்தவள். அவளை நல்லவள் என்றாலும் கெட்டவள் என்றாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை.

உண்மையில் இருந்தவர் பேசாத பேச்சையும் பேச வைக்கலாம். கதை என்றால் பேச்சு வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர்கள் என்ன பேசினார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஆனால், உண்மையில் இருந்த ஒருவர் மேல் அவர் செய்யாத குற்றத்தைச் சுமத்தினால், "இது என் கற்பனை" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அது கதையோடு நிற்காது. படித்தவர் மனத்தில் சரித்திரமாக உட்கார்ந்துவிடும். பிறகு அதை எழுப்புவது கஷ்டம்!

"நாவல்தானே! அதை யார் நிஜம் என்று எடுத்துக்கொள்வார்கள்?" என்று கேட்கலாம். எடுத்துக்கொள்கிறார்கள்! நந்தினி அரண்மனை எங்கே என்று கேட்ட அந்த அம்மாள் படிக்காதவர் அல்ல. அழுதுகொண்டு வீட்டுக்கு வந்த அந்தப் பேத்தியைக் கேலி செய்த பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்கள்தான்.

சரித்திரப் புத்தகத்தை ஆயிரம் பேர் படித்தால், சரித்திரக் கதையை லட்சம் பேர் படிக்கிறார்கள். சினிமாவைக் கோடிப் பேர் பார்க்கிறார்கள். யார் சொல்லுக்கு ஆள் அதிகமோ, அவருக்குப் பொறுப்பும் அதிகம்.

என்ன செய்யலாம்?

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. நாலு காரியம் செய்தால் போதும்.

முதலாவது, சரித்திரக் கதை வெளியிடுகிறவர்கள் புத்தகத்தின் கடைசியில் ஒரே ஒரு பக்கம் சேர்க்கட்டும். "இவர்கள் உண்மையில் இருந்தவர்கள், இவர்கள் கற்பனை, இந்தச் சம்பவத்துக்குச் சான்று உண்டு, இதற்கு இல்லை" என்று எழுதிவிடட்டும். கதையின் ருசி இதனால் குறையாது. படித்து முடித்த பிறகுதானே அந்தப் பக்கம் வரும்?

இரண்டாவது, சினிமா எடுப்பவர்களும் அதே காரியத்தைச் செய்யட்டும். கடைசியில் ஒரு நிமிஷம் எழுத்துப் போட்டால் போதும்.

மூன்றாவது, பழுவூர் போன்ற ஊர்களில் கோயில் வாசலில் பெரிய எழுத்தில், எளிய தமிழில் ஒரு பலகை இருக்கட்டும். கல்வெட்டுச் சொல்லும் செய்தியைப் பத்தே வரியில் எழுதட்டும். திருச்சியைச் சேர்ந்த டாக்டர் இரா. கலைக்கோவனைப் போன்ற ஆராய்ச்சியாளர்கள் பழுவூர்க் கோயில்களை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். விஷயத்துக்குப் பஞ்சம் இல்லை. அதை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாக்கி.

நான்காவது, இது பெற்றோர்களுக்கு. பிள்ளைகளுக்குக் கதையைப் படிக்கக் கொடுங்கள். தாராளமாகக் கொடுங்கள். படித்து முடித்ததும், "இதில் எது நிஜம், எது கற்பனை?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை. பிள்ளை தேட ஆரம்பித்தாலே போதும்.

பையன் கண்ட எழுத்து

மறுபடியும் அந்தப் பெரியவரிடம் வருவோம்.

அவர் அந்தக் குடும்பத்தைக் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து, "வா தம்பி" என்று பையனின் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போனார். நானும் பின்னால் போனேன்.

சுவரில் வரிவரியாக எழுத்து. பையன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். திடீரென்று, "அப்பா! இதோ 'ட'! இதோ 'ப'!" என்று கத்தினான். சோழர் காலத்து எழுத்துகளில் சில இன்றைய எழுத்தைப் போலவே இருக்கும்.

அவனுடைய தங்கையும் ஓடி வந்தாள். இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு எழுத்துத் தேட ஆரம்பித்தார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. அம்மா கூப்பிட்டும் வரவில்லை.

காரில் ஏறும்போது பையன் பெரியவரிடம் கேட்டான்:

"தாத்தா! பழுவேட்டரையர் நல்லவரா, கெட்டவரா?"

"எனக்குத் தெரியாது, தம்பி. நான் அவரைப் பார்த்ததில்லை" என்றார் பெரியவர். "ஆனால் செய்யாத தப்பை அவர் மேல் போடக்கூடாது. அவ்வளவுதான்."

அந்தப் பெரியவர் கேட்பது புகழ் அல்ல. சிலை அல்ல. மணிமண்டபமும் அல்ல. உயிரோடு இருக்கிற மனிதனுக்குக் காட்டுகிற நியாயத்தை இறந்துபோனவருக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறார்.

அடுத்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்தால், பழுவூருக்குப் போய் வாருங்கள். பொன்னியின் செல்வன் புத்தகத்தையும் கையில் எடுத்துப் போங்கள். மர நிழலில் உட்கார்ந்து இரண்டு அத்தியாயம் படியுங்கள். பிறகு எழுந்து போய்ச் சுவரைப் பாருங்கள்.